ஒளித்து வைத்தால் அது புதிரா? டஞ்சன் கேம்கள் பற்றி ஒரு வாக்குவாதம்

கட்டநோட்டு:

நிலவறைக்குள் இறங்கி ஆடும் டஞ்சன் கேம்கள் பற்றிய வேறொரு இழையில் ஆழ்கிணறு, "வாய்ட் ஸ்ட்ரேஞ்சர் என்ற கேம் மாதிரி ஒரு புதிர் டஞ்சன் வந்ததே இல்லை, விதிகளையே ஒளித்து வைக்கும் துணிச்சல் அதற்கு இருக்கிறது" என்று எழுதியிருந்தார். அங்கே பேச்சு வேறு பக்கம் போய்க்கொண்டிருந்ததால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒளித்து வைத்ததைக் கண்டுபிடிப்பதற்குப் பெயர் தேடுவது. புதிரை அவிழ்ப்பது வேறு வேலை.

நான் அளவுகோலாக வைத்திருப்பது டெட்லி ரூம்ஸ் ஆஃப் டெத் என்ற கேம். சுருக்கமாக டிராட் என்பார்கள். எரிக் ஹெர்மன்சன் உருவாக்கி 1997-இல் வந்தது. இன்றைக்கும் கேரவல் கேம்ஸ் அதைத் தொடர்ந்து வளர்த்து வருகிறது. இங்கே பலர் பெயரே கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பீத்ரோ பட்கின் என்ற ஆள், கையில் பெரிய வாள். டூகன் மன்னனின் கோட்டைக்கு அடியில் 25 நிலைகள், அவை முழுக்கக் கரப்பான்களும் வேறு ஜந்துக்களும். நீங்கள் ஓர் அடி வைத்தால் எல்லா ஜந்துக்களும் ஓர் அடி வைக்கும். வாள் எப்போதும் உங்களுக்குப் பக்கத்துக் கட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஒரு தடவைக்கு நாற்பத்தைந்து டிகிரிதான் திருப்ப முடியும், திருப்புவதும் ஓர் அடிக்குச் சமம். கரப்பான் உங்களை நோக்கி நேராக வரும். காப்ளின் என்ற குட்டிப் பூதம் வாளுக்கு ஒதுங்கிப் பின்பக்கமாகச் சுற்றி வரும். ராணிக் கரப்பான் முப்பது அடிக்கு ஒருமுறை முட்டையிடும். இவ்வளவுதான். பகடை கிடையாது, அதிர்ஷ்டம் கிடையாது, அறை முழுவதும் கண் முன்னால்.

ஒரு ராணி அறையில் மூன்று நாள் மாலை நேரம் முழுக்கப் போனது. நாலாம் நாள் பேருந்துக்குக் காத்திருந்தபோது பையிலிருந்த கட்டம் போட்ட நோட்டில் அந்த அறையை ஞாபகத்தில் இருந்தபடி வரைந்து, அடி அடியாக எண்ணிப் பார்த்தேன். பேருந்து வருவதற்குள் விடை கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஆடினேன், அப்படியே நடந்தது. கேமே எதிரில் இல்லாமல் தீர்க்க முடிந்ததென்றால், தேவையானதையெல்லாம் அந்த அறை எனக்கு முன்பே கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேர்மையைத்தான் நான் புதிர் என்கிறேன்.

தீப்பந்தம்:

தம்பி, நீங்கள் சொல்வது சதுரங்கக் கணக்கு. நல்ல கணக்குதான், மறுக்கவில்லை. ஆனால் டஞ்சன் என்ற சொல்லுக்கு ஒரு பொருள் உண்டே! இருட்டு, வழி தெரியாமை, அடுத்த திருப்பத்தில் என்ன நிற்கிறதோ என்ற பயம். இதையெல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் வெறும் கட்டம்.

லெஜண்ட் ஆஃப் கிரிம்ராக் ஆடியிருக்கிறீர்களா? பின்லாந்தில் ஆல்மோஸ்ட் ஹியூமன் என்று நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த குழு, 2012-இல் வெளியிட்டது. நாலு கைதிகளை ஒரு மலையின் உச்சியிலிருந்து உள்ளே தள்ளிவிடுகிறார்கள். கீழே கீழே இறங்கித்தான் வெளியேற வேண்டும். 1987-இல் அட்டாரி எஸ்டி கணினியில் வந்த டஞ்சன் மாஸ்டரின் நேர் வாரிசு என்று சொல்லலாம். கட்டம் கட்டமாகத்தான் நடப்பீர்கள், ஆனால் நீங்கள் யோசிக்கும்வரை அரக்கன் காத்திருக்க மாட்டான்.

அதில் பழைய பாணி ஆட்டம் என்று ஒரு தேர்வு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் தானாக வரையும் வரைபடம் போய்விடும். நான் அப்படித்தான் ஆடினேன். உங்களிடம் இருந்த அதே கட்டம் போட்ட நோட்டுதான் என்னிடமும் இருந்தது. ஒரு நிலையில் இடமாற்றி வாசல் ஒன்று என்னை வேறெங்கோ கொண்டுபோய் விட்டது. நோட்டில் வரைந்ததெல்லாம் ஏழெட்டுக் கட்டம் தள்ளிப் போயிருந்தது. பந்தம் வேறு அணைகிற நிலை. அந்தப் பத்து நிமிடம் எனக்கு இருந்த படபடப்பைப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து யாரும் அடைய முடியாது.

கட்டநோட்டு:

ஆடியிருக்கிறேன் அண்ணே, முழுவதுமாகவே. சூழல் அருமை, அதில் எனக்குச் சண்டையில்லை. இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, சண்டை. எதிரியைச் சுற்றி நாலு கட்டத்தில் வட்டமடித்துக்கொண்டே வெட்டினால் அவனால் பெரும்பாலும் தொடவே முடியாது. அதைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து பயம் போய்விட்டது. இரண்டாவது, சுவரில் ஒரு செங்கல் அளவுக்குச் சின்னப் பொத்தானை ஒளித்து வைப்பது. அங்கே மூளைக்கு வேலை இல்லை, கண்ணுக்குத்தான் வேலை. ஒவ்வொரு சுவரையும் முறைத்துப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது.

தீப்பந்தம்:

வட்டமடிக்கும் விஷயம் உண்மை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு ஆட்டம் ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது. பொத்தான் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவை பெரும்பாலும் கூடுதல் பொருள்களுக்கான ரகசியங்கள், கண்டுபிடிக்காமலே கேமை முடிக்கலாம். அழுத்தப் பலகையில் கல்லை எறிந்து கதவைத் திறப்பது, குழி மூடித் திறக்கும் நேரத்தைக் கணக்கிட்டு ஓடுவது, சுருளில் எழுதியிருக்கும் நாலு வரியை வைத்து வழி கண்டுபிடிப்பது, இவைதான் முக்கியப் பாதையில் வருபவை. எல்லாம் கண்ணெதிரே இருப்பவைதான்.

எறும்புப்புற்று:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இருட்டா கணக்கா என்று நீங்கள் இருவரும் பிரித்துவிட்டீர்கள். டெஸ்க்டாப் டஞ்சன்ஸ் என்ற கேமில் இருட்டேதான் கணக்கு. தென்னாப்பிரிக்காவின் க்யூசிஎஃப் டிசைன் செய்தது. 2010-இல் இலவசமாக ஒரு முன்வடிவம் வந்தது, 2011-இல் சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் சிறந்த வடிவமைப்புக்கான விருது, முழு கேம் 2013-இல்.

ஒரே திரை, இருபதுக்கு இருபது கட்டம், ஆரம்பத்தில் கிட்டத்தட்ட எல்லாமே கறுப்பு. ஒரு கறுப்புக் கட்டத்தைத் திறந்தால் உங்கள் உயிரும் மந்திர சக்தியும் கொஞ்சம் ஏறும். அடிபட்ட எதிரிக்கும் சேர்ந்தே ஏறும். வேறு எங்கும் உட்கார்ந்து ஓய்வெடுக்க முடியாது. ஆக, நீங்கள் இன்னும் பார்க்காத இடம்தான் உங்கள் மருந்துப்பெட்டி. ஆர்வம் தாங்காமல் எல்லாவற்றையும் முதலிலேயே திறந்து பார்த்துவிட்டால், கடைசியில் பத்தாம் நிலைத் தலைவன் முன்னால் வெறுங்கையோடு நிற்பீர்கள். நான் ஆரம்பத்தில் தோற்றதெல்லாம் இப்படித்தான்.

எந்த எதிரி மேல் சுட்டியை வைத்தாலும், இப்போது மோதினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே காட்டிவிடும். அதனால், கட்டநோட்டு அண்ணா, நீங்கள் சொன்ன நேர்மை இதிலும் இருக்கிறது. விதி ஒன்றுகூட மறைவாக இல்லை. மறைந்திருப்பது இடம் மட்டும்தான்.

கட்டநோட்டு:

எறும்பு, நீங்கள் சொன்னதில் ஒரு பகுதியை ஏற்கிறேன். கறுப்புக் கட்டத்தை மருந்தாக்கியது மிக நல்ல யோசனை. ஆனால் வரைபடம் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகிறதே? எனக்கு வேண்டிய மந்திரம் இந்தத் தடவை தலைவனுக்குப் பக்கத்து மூலையில் கிடந்தால் அது என் பிழையா? டிராட் அறை ஆடுபுலி ஆட்டம் மாதிரி. மூன்று புலி, பதினைந்து ஆடு, எல்லாம் கோட்டின் மேல் தெரிகிறது, தோற்றால் நான்தான் காரணம். நீங்கள் சொல்வது தாயம்.

எறும்புப்புற்று:

தாயத்தைக் குறைவாக நினைக்காதீர்கள். எங்கள் பாட்டியோடு ஆடி யாரும் ஜெயித்ததில்லை. விழுவது எல்லோருக்கும் ஒரே மாதிரிதான், எந்தக் காயை நகர்த்துவது என்பதில்தான் அவர் இருந்தார். டெஸ்க்டாப் டஞ்சன்ஸிலும் அப்படியே. நன்றாக ஆடத் தெரிந்தவர்களின் ஆட்டத்தைப் பார்த்தால், "முடியவே முடியாது" என்று நான் கைவிட்ட வரைபடங்களை முடித்துவிடுகிறார்கள். நிலை உயரும்போது உயிர் முழுசாகத் திரும்பிவிடும் என்பதை வைத்து, சண்டையின் நடுவில் ஒரு சின்ன எதிரியைக் கொன்று நிலை உயர்ந்து, அதே மூச்சில் பெரியவனை முடிப்பார்கள். அதற்காகவே அந்தச் சின்ன எதிரியை முன்கூட்டியே விட்டு வைத்திருப்பார்கள். உங்கள் ராணி அறைக் கணக்குக்கு இது எந்த விதத்தில் குறைவு?

ஆழ்கிணறு:

என் பெயரில் ஆரம்பித்த இழைக்கு நான் தாமதமாக வந்திருக்கிறேன். சரி, வாய்ட் ஸ்ட்ரேஞ்சருக்கு வருவோம். 2023-இல் பின்லாந்தின் சிஸ்டம் இரேஷர் என்ற சிறிய குழு வெளியிட்டது. ஜீரோரேஞ்சர் என்ற சுடும் விளையாட்டைச் செய்தவர்களே. பார்க்கப் பழைய கேம் பாய் மாதிரி சாம்பல் நிறம். ஒரு பெண் தளம் தளமாகக் கீழே இறங்குகிறாள். கையில் ஒரு கோல். எதிரே உள்ள தரைக் கட்டத்தை அதால் உருவி எடுக்கலாம், வேறிடத்தில் வைக்கலாம், ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஜந்துக்கள் நீங்கள் நகர்ந்தால் நகரும். ஆக, கட்டநோட்டு விரும்பும் அத்தனையும் ஒவ்வொரு அறையிலும் இருக்கிறது. 1982-இல் வந்த சோகோபான் பெட்டி தள்ளும் மரபின் நல்ல பிள்ளை.

ஒளிந்திருப்பது அறைகளுக்கு வெளியே. தரையை எடுக்கலாம் என்று முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் உங்களுக்கே தோன்றும்: தரையை மட்டும்தான் எடுக்கலாம் என்று யார் சொன்னது? இதற்கு மேல் எழுத மாட்டேன், ஆடாதவர்களுக்குக் கெட்டுவிடும்.

விடுகதையை நினைத்துப் பாருங்கள். "அள்ள அள்ளக் குறையாது, ஆனால் குடிக்க உதவாது" என்றால் கடல். விடை மறைவாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைக் காட்டும் சொற்கள் எல்லாம் முன்னால் இருக்கின்றன. கேட்டவுடன் "அட, இதுவா!" என்கிறோம், "இதை எப்படி எனக்குத் தெரிந்திருக்கும்?" என்று கேட்பதில்லை. வாய்ட் ஸ்ட்ரேஞ்சரில் எனக்குத் தட்டுப்பட்ட பெரிய ரகசியங்கள் எல்லாம் முதல் வகை. அப்புறம், டிராடிலும் உடையும் சுவருக்குப் பின்னால் ரகசிய அறைகள் உண்டே? அது ஒளிப்பதில்லையா?

கட்டநோட்டு:

உண்டு. ஆனால் உடையும் சுவரின் தோற்றமே வேறு, உற்றுப் பார்த்தால் தெரியும். நிலையை வென்று அடுத்ததற்குப் போக ரகசிய அறை தேவையும் இல்லை.

விடுகதை வாதம் நன்றாக இருக்கிறது, இரண்டு நாள் யோசித்தேன். அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஒன்று கேட்கிறேன். விடுகதைக்குத் தப்பாகப் பதில் சொன்னால் என்ன ஆகும்? "இல்லை" என்பார்கள், உடனே அடுத்த பதிலைச் சொல்லலாம். வாய்ட் ஸ்ட்ரேஞ்சரில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தால், அதைச் சோதிக்க முன்பே முடித்த எத்தனையோ தளங்களைத் திரும்ப நடக்க வேண்டும். அன்டூ, அதாவது வைத்த அடியைத் திரும்பப் பெறும் வசதி, கிடையாது. சந்தேகம் தப்பென்றால் ஒரு மாலை போச்சு. அதுவும் தப்பா, இல்லை நான்தான் சரியாகச் செய்யவில்லையா என்பதுகூடத் தெரியாது. வேலைக்குப் போய்வந்து இரவில் ஒரு மணி நேரம் ஆடுகிறவன் நான். விதியை மறைக்கட்டும், ஒரு யோசனையைச் சோதிக்க இவ்வளவு விலை வாங்கக் கூடாது.

மைக்கேல் பிரவ் 2017-இல் செய்த சிங்கோ பாவ்ஸ் இதைச் சரியாகச் செய்கிறது. ஐந்துக்கு ஐந்து கட்டம், ஐந்து மந்திரக்கோல், எந்தக் கோல் என்ன செய்யும் என்று தெரியாது. எழுத்தெல்லாம் போர்த்துகீசிய மொழியில். ஆனால் கோலை ஒருமுறை வீசினால் ஏதோ ஒன்று உடனே தெரிந்துவிடும். தப்பாகப் போனாலும் ஆட்டம் சிறியது, மறுபடி ஆரம்பிக்கலாம். அதாவது, எனக்குப் பிடிக்காதது மறைப்பதல்ல, சோதிக்க வாங்கும் விலைதான் என்று இப்போது புரிகிறது. முதல் பதிவில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

ஆழ்கிணறு:

விலை அதிகம், அது உண்மை. நானும் ஒரு கட்டத்தில் இரண்டு மாதம் தொடாமல் வைத்திருந்தேன். இருந்தாலும் அந்தத் திரும்ப நடப்பதை வீண் என்று சொல்ல மனம் வரவில்லை. முதல் தடவை இருபது நிமிடம் திணறிய அறையை இரண்டாம் தடவை அரை நிமிடத்தில் கடந்தேன். கடக்கும்போது சுவரோரம் இருந்த ஒன்றைப் பார்த்தேன். முதல் தடவையும் அங்கேதான் இருந்திருக்கிறது, நான் புதிரிலேயே மூழ்கியிருந்ததால் கண்ணில் படவில்லை. அன்டூ இருந்திருந்தால், நேராகத் தளம் தாவ முடிந்திருந்தால், அது எனக்குத் தெரிந்தே இருக்காது.

தீப்பந்தம்:

இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்ல முயன்றேன், எனக்கு இவ்வளவு தெளிவாக வரவில்லை. வழி தவறினால்தான் சிலது கண்ணில் படும்.

புதிதாய்வந்தவன்:

எல்லாவற்றையும் படித்தேன். என்னிடம் கணினி இல்லை, ஆண்ட்ராய்டு போன் மட்டும்தான். எதில் ஆரம்பிக்கலாம்?

எறும்புப்புற்று:

ஹாப்லைட். அறுகோணக் கட்டம், ஈட்டி, கேடயம், ஒரு தாவல். எதிரியைத் தொட்டால் அவன் எந்தெந்தக் கட்டத்தைத் தாக்குவான் என்று காட்டும். பதினாறாம் ஆழத்தில் பொன் ஆட்டுத்தோல் இருக்கிறது, அதை எடுப்பதுதான் முதல் இலக்கு. ஒரு ஆட்டம் கால் மணி நேரம்கூட ஆகாது. ஈட்டியை எறிந்துவிட்டால் போய் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், ஆரம்பத்தில் எல்லோரும் சாவது அங்கேதான்.

கட்டநோட்டு:

நல்ல தேர்வு, நானும் அதையே சொல்லியிருப்பேன்.

ஆழ்கிணறு, வாய்ட் ஸ்ட்ரேஞ்சரை நான் பாதியில் விட்டிருந்தேன். சேமித்து வைத்திருந்த பழைய ஆட்டத்தை அழித்துவிட்டு நேற்று முதல் தளத்திலிருந்து ஆரம்பித்தேன், இந்த முறை பக்கத்தில் நோட்டோடு. நாலு தளத்துக்கு ஒரு பக்கம் என்று வரைந்து வருகிறேன். ஒரே ஒரு கேள்வி, விடை வேண்டாம், ஆம் இல்லை போதும்: தரையை மட்டும் வரைந்தால் போதுமா, இல்லை திரையில் இருப்பது எல்லாவற்றையும் வரைய வேண்டுமா?

ஆழ்கிணறு:

எல்லாவற்றையும். ஓரம்வரை.