சேஸா, சூவலா? 2021 டிராஃப்டில் பெங்கால்ஸ் செய்தது சரியா?

செந்தில்:
அமெரிக்கக் கால்பந்து லீக்கில் (என்.எஃப்.எல்) அணிகள் வரிசைப்படி கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்ட் பற்றிப் பேச்சு வந்தாலே "அணிக்கு எது ஓட்டையோ அதை அடை" என்று ஒரு கட்சி, "இருப்பதிலேயே சிறந்த ஆளை எடு" என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. 2020 நவம்பரில் வாஷிங்டனுக்கு எதிரான ஆட்டத்தில் பெங்கால்ஸ் குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்) ஜோ பர்ரோவின் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அதுவரை ஆடிய 10 ஆட்டங்களில் 32 முறை சாக் (பந்தை எறியும் முன்பே தரையில் வீழ்த்தப்படுவது) வாங்கியிருந்தார். முன்னால் நின்று தடுக்க வேண்டிய அஃபென்சிவ் லைன் அவரைக் காப்பாற்றவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த டிராஃப்டில் சின்சினாட்டி பெங்கால்ஸ் கையில் ஐந்தாவது இடம். ஓரிகான் பல்கலைக்கழகத்தின் டாக்கிள் (லைனின் ஓரத்தில் நிற்பவர்) பெனே சூவல் அப்போதும் மீதி இருந்தார். ஆனால் எடுத்தது வைட் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) ஜமார் சேஸை. டீ ஹிக்கின்ஸ், டைலர் பாய்ட் என்று இரண்டு நல்ல ரிசீவர்கள் ஏற்கெனவே இருக்கும்போது! சூவல் ஏழாவது இடத்தில் டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போனார்.

மீனா:
அதற்கு அடுத்து நடந்ததையும் சொல்லுங்கள். முதல் சீசனிலேயே சேஸ் 1,455 யார்டு, 13 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்து எடுக்கும் புள்ளி), சிறந்த புதுமுக அஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது. முந்தைய வருடம் வெறும் நான்கு ஆட்டம் ஜெயித்த அணி சூப்பர் பவுல் (லீக்கின் இறுதிப் போட்டி) வரை போனது. 31 வருடமாக ஒரு பிளேஆஃப் (நாக் அவுட் சுற்று) ஆட்டம்கூட ஜெயிக்காத அணி அது! 2022 ஜனவரியில் சீஃப்ஸுக்கு எதிராக அந்தப் பையன் தனியாக 266 யார்டு எடுத்து டிவிஷன் (லீக்கின் பிரிவு) பட்டத்தையே வாங்கிக் கொடுத்தான். இது போதாதா?

செந்தில்:
போதாது. அந்த சீசனில் பர்ரோ வாங்கியது 51 சாக், லீக்கிலேயே அதிகம். பிளேஆஃபில் மேலும் 19. டைட்டன்ஸ் ஒரே ஆட்டத்தில் 9 முறை அவரைத் தரையில் போட்டது. சூப்பர் பவுலில் 7. ராம்ஸிடம் 23-20 என்று தோற்ற அந்தக் கடைசி நான்காவது டவுனை (நான்கு முயற்சிகளில் கடைசி) நினைத்துப் பாருங்கள். ஒரு யார்டு தேவை. ராம்ஸின் ஜேலன் ராம்சி கால் இடறி விழுந்து, சேஸ் மேலே தனியாக ஓடிக்கொண்டிருந்தார். பந்தை அங்கே போட பர்ரோவுக்கு நேரம் இல்லை. ராம்ஸின் ஆரன் டொனால்ட் வந்து அவரைச் சுழற்றிவிட்டார். லைன் இல்லாவிட்டால் உலகத்தின் சிறந்த ரிசீவரும் வெறுமனே ஓடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மீனா:
டொனால்ட் எங்கே இருந்து வந்தார்? நடுவில் இருந்து, கார்டை (டாக்கிளுக்கு உள்பக்கம் நிற்பவரை) தாண்டி. சூவல் டாக்கிள். ஓரத்தில் நின்றுகொண்டு நடுவில் வருபவரை எப்படித் தடுப்பார்? நீங்கள் சொன்ன டைட்டன்ஸ் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 9 சாக் வாங்கியும் 19-16 என்று பெங்கால்ஸ்தான் ஜெயித்தது. கடைசி உதைக்கு இடம் பண்ணிக் கொடுத்தது சேஸ் பிடித்த 19 யார்டு பந்து.

அருண்:
இரண்டு பேரும் ஐந்தாவது இடத்தையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். எனக்கு உறுத்துவது இரண்டாவது சுற்று. சேஸை எடுத்தது சரி. ஆனால் அப்படி எடுத்தவர்கள் லைன் கடனை அடுத்த சுற்றிலேயே அடைத்திருக்க வேண்டும். என்ன செய்தார்கள்? 38-வது இடத்தை பேட்ரியட்ஸுக்குக் கொடுத்துவிட்டு 46-க்கு இறங்கி, ஜாக்சன் கார்மனை எடுத்தார்கள். அவர் நிலையான ஸ்டார்ட்டராக ஆகவே இல்லை. அதே சுற்றில் 63-வது இடத்தில் சீஃப்ஸ் எடுத்தது சென்டர் (லைனின் நடு ஆள்) கிரீட் ஹம்ப்ரி. ஆறாவது சுற்றில் கார்டு ட்ரே ஸ்மித். அந்த டிராஃப்டுக்கு முந்தைய சூப்பர் பவுலில் பக்கனியர்ஸிடம் 31-9 என்று அடி வாங்கிய சீஃப்ஸ், ஒரே கோடையில் ஜோ தூனியை ஃப்ரீ ஏஜென்சியில் (ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களின் சந்தை) வாங்கி, ஆர்லாண்டோ பிரவுனை டிரேடில் கொண்டுவந்து, லைனையே புதிதாகக் கட்டியது. 2023 பிப்ரவரி சூப்பர் பவுலில், அந்த சீசனில் 70 சாக் எடுத்திருந்த ஈகிள்ஸ், சீஃப்ஸ் குவாட்டர்பேக் மஹோம்ஸை ஒரு தடவைகூட சாக் பண்ண முடியவில்லை.

செந்தில்:
அருண், நீங்கள் சொல்வது என் பக்கத்துக்குத்தான் பலம். லைன் கட்டியவன் கோப்பை வாங்கினான்.

அருண்:
முதல் சுற்று ஆள் இல்லாமலே கட்டினான், அதைக் கவனியுங்கள். பிரவுனுக்காகத்தான் அந்த வருட முதல் சுற்றை ரேவன்ஸுக்குக் கொடுத்தது. அப்புறம் பணக் கணக்கு இருக்கிறது. ஐந்தாவது இடத்துக்கு டாக்கிள் வந்தாலும் ரிசீவர் வந்தாலும் ஆரம்ப ஒப்பந்தச் சம்பளம் ஒன்றுதான். வெளிச் சந்தையில் அப்படி இல்லை. 2024-ல் சூவலுக்கு நாலு வருடத்துக்கு 112 மில்லியன் டாலர், 2025-ல் சேஸுக்கு நாலு வருடத்துக்கு 161 மில்லியன். விலை அதிகமான சரக்கை டிராஃப்டில் எடு, மலிவானதைச் சந்தையில் வாங்கு.

செந்தில்:
சந்தையில் வாங்கத்தானே செய்தார்கள்? 2022-ல் காப்பா, காரஸ், காலின்ஸ் என்று மூன்று லைன் ஆட்டக்காரர்கள். அந்த சீசன் கான்ஃபரன்ஸ் இறுதி (சூப்பர் பவுலுக்கு முந்தைய சுற்று) வந்தபோது லைனில் மூன்று ஸ்டார்ட்டர்கள் காயம், பர்ரோ 5 சாக், சீஃப்ஸிடம் 23-20 தோல்வி. சூவல் போல வருடா வருடம் களத்தில் நிற்கிற டாக்கிள் சந்தைக்கு வருவதே இல்லை. அவரை வளர்த்தவர்கள் விடுவார்களா? 2024-ல் சேஸ் பந்து பிடித்தது, யார்டு, டச்டவுன் மூன்றிலும் லீக் முதலிடம். அணி 9 வெற்றி, 8 தோல்வி, பிளேஆஃபே இல்லை. சூவலின் லயன்ஸ் 15-2.

மீனா:
அந்த வருடம் பெங்கால்ஸ் 33 புள்ளியோ அதற்கு மேலோ எடுத்தும் நாலு ஆட்டம் தோற்றது. ரேவன்ஸிடம் 41-38, திரும்ப அவர்களிடமே 35-34. கமாண்டர்ஸிடம் 38-33, ஸ்டீலர்ஸிடம் 44-38. அந்த இரண்டாவது ரேவன்ஸ் ஆட்டத்தில் சேஸ் 264 யார்டு, மூன்று டச்டவுன். ஓட்டை டிஃபென்ஸில். அஃபென்ஸ் 38 எடுத்தும் தோற்கிற அணிக்கு எந்த டாக்கிளும் மருந்து ஆக மாட்டார், செந்தில்.

செந்தில்:
2024-க்கு ஒத்துக்கொள்கிறேன். 2022 பிப்ரவரி சூப்பர் பவுலுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்று வலது டாக்கிள் ரைலி ரீஃப் காயத்தில் வெளியே, அவர் இடத்தில் ஆடியவர் ஐசையா பிரின்ஸ். ராம்ஸ் பக்கம் ஓரத்தில் வான் மில்லர் இரண்டு சாக் எடுத்தார், டொனால்ட் எடுத்ததும் இரண்டு. நடுவில் வந்தது மட்டும்தான் பிரச்சினை என்று நீங்கள் சொல்வதற்கு முன் மில்லரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.