வானுக்கு ஜெனரேற்றர் வாங்கின கதை, உங்களுடையதையும் எழுதுங்கோ

பருத்தித்துறையில் இருந்து

பழைய டொல்பின் வான் ஒன்றை வாங்கி, பின் சீற்றுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், சின்ன பிரிட்ஜ், இரண்டு ஃபான் எல்லாம் பூட்டினோம். கரண்ட் இல்லாத இடங்களில் போய் இரண்டு நாள் கிடக்கவேண்டும் என்று ஆசை. ஜெனரேற்றர் வாங்கப் போன இடத்தில் நான் பார்த்தது விலையை மட்டும்தான். இரும்புச் சட்டத்துக்குள் எஞ்சின் திறந்து நிற்கும் வகை, 2.5 கிலோவாற், 40 கிலோவுக்கு மேல் பாரம். ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும்.

ஆவணியில் முதல் பயணம், மணற்காடு. மணலுக்குள் புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் கோயில் தாண்டி, சவுக்கங்காட்டு ஓரமாக நிறுத்தினோம். பொழுதுபட்டதும் மெஷினைக் கிளப்பினேன். கடல் இரைச்சலும் கேட்கவில்லை, சவுக்கு இரைச்சலும் கேட்கவில்லை. வானுக்குள் பக்கத்தில் இருந்த மனுசியோடு கத்தித்தான் கதைக்கவேண்டி இருந்தது.

ஒன்பது மணிபோல ஒரு பெரியவர் டோர்ச்சோடு வந்தார்.

"தம்பி, நாங்கள் விடியப்புறம் மூண்டு மணிக்குக் கடலுக்கு இறங்கிற ஆக்கள். உதை எப்ப நிப்பாட்டுவியள்?"

ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவ்வளவு தன்மையாகக் கேட்டதுதான் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உடனே நிற்பாட்டினேன். தென்மேற்கில் இருந்து வரும் சோளகக் காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்ததால் ஃபானே தேவைப்படவில்லை. பிரிட்ஜைத் திறக்காமல் விட்டோம், விடியும்வரை குளிர் தாங்கியது.

வீட்டுக்கு வந்துதான் கணக்குப் பார்த்தேன். பிரிட்ஜ் 60 வாற், இரண்டு ஃபானும் 100, லைற்றும் போன் சார்ஜரும் 60. எல்லாம் சேர்த்து 220 வாற். இதற்குத்தான் அந்த ஆட்டம்! கேத்தல் மட்டும்தான் 2000 வாற் இழுக்கும் சாமான். அதை வீட்டில் விட்டுவிட்டுக் காஸ் அடுப்பில் தேத்தண்ணி வைத்தால் பிரச்சினை முடிந்தது.

இப்போது வைத்திருப்பது மூடின பெட்டிபோல வரும் இன்வேர்ட்டர் வகை, 21 கிலோ, ஒரு கையால் தூக்கலாம். பெட்டியில் 2.2 என்று இருக்கும், ஆனால் தொடர்ந்து தருவது 1.8 கிலோவாற்தான். கடையில் அந்த இரண்டாவது இலக்கத்தைக் கேளுங்கோ. சுமை குறைந்தால் எஞ்சினும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் சத்தமும் பெற்றோல் செலவும் குறைவு. 3.6 லீற்றர் தாங்கி, எங்கள் பாவனைக்கு ஏழெட்டு மணித்தியாலம் ஓடுகிறது. விலை முதலாவதைவிட இரண்டு மடங்குக்கு மேல். முதலாவதை மச்சான் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

காரைநகரில் இருந்து

என் கதை வேறு. கனடாவில் ஆர்வி என்கிற வீட்டு வானில் திரிகிற சித்தப்பா, தான் பாவித்த ஜெனரேற்றரைச் சாமான் பெட்டியோடு சேர்த்து அனுப்பிவிட்டார். நல்ல மெஷின்தான், ஆனால் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் (கரண்ட் செக்கனுக்கு 60 தடவை அலையும்). இங்கே எல்லாம் 230, 50. ட்ரான்ஸ்போமர் போட்டால் வோல்ற் சரிவரும், ஹேர்ட்ஸ் மாறாதே. மெஷின் இப்போதும் பத்தாயத்துக்குப் பக்கத்தில் சாக்கு மூடிக் கிடக்கிறது. சித்தப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

அவருடைய கணக்கையும் அப்படியே எடுக்கவேண்டாம். அங்கே வானின் கூரையில் ஏசி இருக்கும். ஏசி கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும், அதற்காகத்தான் மூவாயிரம் வாற்றுக்கு மேல் பார்க்கிறார்கள். கசூரினாவில் கடற்காற்று வாங்க நிற்கிற எனக்கு ஏசி எதற்கு?

சுன்னாகத்தில் இருந்து

நான் இவற்றைத் திருத்துகிறவன். கடற்கரைக்குப் போய்வரும் மெஷின்களில் பார்ப்பது மூன்று வருத்தம்: காற்று வடிகட்டியில் மணல், வெளி ஆணிகளில் உப்புத் துரு, காபரேற்றரில் பழைய பெற்றோல் பிசின். கடைசி வருத்தத்துக்கு மருந்து சுகம். வீட்டுக்கு வந்ததும் பெற்றோல் வரும் வால்வைப் பூட்டிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கோ.

போன மாதம் ஒருவர் மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தார். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தில் கொஞ்சம் பெற்றோல் காட்டிக் கிளப்பி மண்ணெண்ணெயில் எல்லாம் ஓட்டினோம்தான். அந்த எஞ்சின் தாங்கியது. இது தாங்காது, அண்ணை.

இன்னொரு குடும்பம் மாரியில் போயிருக்கிறது. மழை பெய்ததால் மெஷினை வானின் முன் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைத்திருக்கிறார்கள். நடுச்சாமம் சின்னவன் சத்தி எடுக்க, தாய் எழும்பியிருக்கிறா. அவவுக்கும் தலையிடி, நடக்கக் கால் வரவில்லை. கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே இழுத்ததால் தப்பினார்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குறைந்தது 6 மீற்றர் தள்ளி, புகை போகும் பக்கம் வானைப் பாராமல் வையுங்கோ. சோளகம் அடிக்கும்போது வானுக்கு வடகிழக்கே வைத்தால் புகை அப்பால் போய்விடும். வடகிழக்கில் இருந்து வாடைக் காற்று தொடங்கினால் இடத்தை மாற்றவேண்டும். மழைக்குத் தனியாக ஒரு சின்னக் கூரை செய்யலாம், நாலு பக்கமும் திறந்திருக்கவேண்டும். காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்றும் வானுக்குள் கொழுவுங்கோ. நித்திரைக்குப் போகமுதல் மெஷினை நிற்பாட்டுவது எல்லாவற்றையும்விட நல்லது.

பருத்தித்துறையில் இருந்து

அண்ணை, 6 மீற்றர் தள்ளி வைப்பதற்கு எந்த வயர்?

சுன்னாகத்தில் இருந்து

உங்கட 1.8 கிலோவாற்றுக்கு 1.5 சதுர மில்லிமீற்றர், மூன்று கம்பி உள்ள றப்பர் வயர் போதும். றோலில் சுற்றினபடி பாவிக்காமல் முழுக்க விரித்துப் போடுங்கோ. சுருளுக்குள் சூடேறி உருகின வயர் ஒன்று கடையில் காட்சிக்குத் தொங்குகிறது, வந்தால் காட்டுகிறேன்.