எண்ணூர் பற்றிய புத்தகம்: பதிப்பகத்திடம் கொடுப்பதா, நாமே போடுவதா?

கழிமுகத்தான்:
வணக்கம் நண்பர்களே. எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு பகுதி பற்றி எழுதி வந்தது கிட்டத்தட்ட 150 பக்கம் ஆகிவிட்டது. பறவைகள், அலையாத்தி, அனல்மின் நிலையச் சாம்பல், மீனவர்கள் முறைவைத்து மீன்பிடி இடங்களைப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறை, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தபடி தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்கள் என்று எல்லாம் இருக்கிறது. படங்களும் நிறைய. ஒரு பதிப்பகத்தில் கேட்டால், 300 பிரதியை நானே வாங்கிக்கொண்டால் போடுகிறோம், ஆனால் கலர் படம் கிடையாது என்கிறார்கள். சொந்தமாகப் போட்டால் விற்க முடியுமா?

அச்சுமை:
300 பிரதியை நீங்களே வாங்குவதென்றால் செலவு உங்களுடையது, பெயர் அவர்களுடையது, அவ்வளவுதான். டெமி என்ற வழக்கமான புத்தக அளவில் ஒரு பாரம், அதாவது சேர்த்து அச்சடித்து மடிக்கும் தாள், 16 பக்கம், அதனால் 150-ஐ 144 ஆகக் குறையுங்கள், இல்லை 160 ஆக்குங்கள். கலர் படங்களைப் புத்தகம் முழுக்கத் தூவினால் செலவு எகிறும். எல்லாவற்றையும் சேர்த்து நடுவில் ஒரே பாரமாக ஆர்ட் பேப்பரில் வைத்துவிட்டு, மற்றதை 70 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு) நேச்சுரல் ஷேடில், அதாவது லேசான மஞ்சள் தாளில், கருப்பு வெள்ளையாக அடியுங்கள். கலரே வேண்டாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள், கருப்பு வெள்ளையில் பூநாரை வெறும் கொக்கு மாதிரி இருக்கும்! 300 பிரதிக்கு டிஜிட்டல் போதும். 1000 என்றால்தான் தகடு செய்து அடிக்கும் ஆஃப்செட் கட்டுப்படியாகும்.

நந்தனம் வாசகி:
அச்சடிப்பது சுலபம் சார், விற்பதுதான் பாடு. கடைக்காரர்கள் விலையில் 35, 40 சதவீதம் தள்ளுபடி கேட்பார்கள், பணம் எப்போது வரும் என்பது அவர்கள் மனசு. ஜனவரி புத்தகக் காட்சிக்கு ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு தனிக் கடை எடுக்காதீர்கள், சூழலியல் நூல் விற்கும் கடை எதிலாவது கொடுத்து வையுங்கள். மீஞ்சூர், பொன்னேரி பள்ளி ஆசிரியர்களிடமும் பறவை பார்க்கும் குழுக்களிடமும் நேராகப் போனால் இன்னும் வேகமாகப் போகும். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள், அரசுத் தளத்தில் தனி ஆளாகவே இலவசமாக விண்ணப்பிக்கலாம். அப்புறம், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகம், கொல்கத்தா தேசிய நூலகம் உட்பட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும், பலர் இதைச் செய்வதே இல்லை. அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணையை நம்பிக் கடன் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

பழைய பேட்டை:
நூலக ஆணையை அப்படி ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம் மேடம். வட்டார நூல்கள் ஊர்ப்புறத்து வாசகர் கைக்குப் போவதே அந்த வழியில்தான், விண்ணப்பித்து வைப்பதில் என்ன நஷ்டம்? எனக்கு வேறு கவலை. பழைய மதராஸ் படங்கள் போடுகிறீர்களா? படம் எடுத்தவர் இறந்து 60 ஆண்டு தாண்டியிருந்தால் பதிப்புரிமை இல்லை, ஆனால் நூலகத்தில் எடுத்த நகல் என்றால் அவர்களிடம் அனுமதி கேட்டுவிடுங்கள். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்தால் வட சென்னைக்கே நிறைய கிடைக்கும். ஆமை முட்டையிடும் இடம், கூடு இருக்கும் மரம் இதையெல்லாம் துல்லியமாக வரைபடத்தில் குறிக்க வேண்டாம். உங்களுக்குத் தகவல் சொன்ன இருளர், மீனவர் வீடுகளுக்கு முதல் பிரதிகள் போகட்டும். விலை 250-க்குள் இருந்தால் நான் ஐந்து வாங்குகிறேன்.

கழிமுகத்தான்:
எல்லோருக்கும் நன்றி. சரி, 160 பக்கம், நடுவில் ஒரு கலர் பாரம், 300 பிரதி, சொந்தமாகவே. கூடுகள் குறித்த வரைபடத்தை எடுத்துவிடுகிறேன். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை பக்கம் கலர் சரியாக வரும் அச்சகம் தெரிந்தால் தனிமடலில் சொல்லுங்கள்.