பழைய கார் லிவர் ஷாக்கில் என்ன ஆயில் ஊற்றினீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

மைனர்_மயிலை

மூன்று மாதம் ஆகிறது, இன்னும் மனசு ஆறவில்லை. அப்பாவின் மோரிஸ் மைனர் 1000. அதன் முன்பக்க ஷாக் அப்சார்பர் பழைய லிவர் ரகம்: வெளியே ஒரு கை ஆடும், உள்ளே ஆயில் ஊற்ற வேண்டும். வலது பக்க ஷாக்கில் ஆயில் குறைந்து, ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் மூன்று முறை தலையாட்டிவிட்டுத்தான் நிற்கும். லஸ் கார்னர் தாண்டும்போது பின்சீட்டிலிருந்து அம்மா, "அப்பா ஓட்டறப்ப இப்படி ஆடாதேடா" என்றார். மறுநாளே மெக்கானிக்கிடம் விட்டேன். அப்பா காலத்து ஆள், நல்ல மனுஷன். "ரெண்டுக்கும் ஒரே ஆயில்தான் சார்" என்று பிரேக் ஆயிலை ஊற்றினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், ஷாக் பாடி மேல் பெயின்ட் வெந்த தோல் மாதிரி சுருங்கி எழும்பியிருந்தது. கட்டைவிரலால் தொட்டேன். பச்சைப் பெயின்ட் அப்படியே நகக்கண்ணில் ஏறி வந்துவிட்டது. அப்பா தன் கையால் பிரஷ் பிடித்து அடித்தது அது. ஷாஃப்ட் ஓரமெல்லாம் ஈரம், ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் போய்விட்டது. ஆட்டமும் முன்னைவிட அதிகம்.

எம்ஜிபி_அடையாறு

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. நான் செய்த தப்பு இதற்கு நேர் எதிர். வீட்டில் மிச்சமிருந்த 20டபிள்யூ-50 என்ற கெட்டியான இஞ்சின் ஆயிலை என் எம்.ஜி.பி. காரின் நாலு ஷாக்கிலும் ஊற்றிவிட்டு ஈ.சி.ஆர். போனேன். கோவளம் வரை சரி. அப்புறம் ரோடு போட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஒவ்வொரு கல்லும் முதுகுத்தண்டில் தெரிந்தது, பின்சக்கரம் துள்ளித் துள்ளி ஓரம் போனது. மனைவி டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். மறுவாரம் ஜி.பி. ரோட்டில் பைக்குக்குப் போடும் ஃபோர்க் ஆயில், எஸ்.ஏ.இ. 20 வாங்கி மாற்றினேன். பம்பரை அழுத்திவிட்டால் ஒரு தரம் எழும்பி நின்றுவிடுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி ஊற்றியவரை நல்ல மனுஷன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரம்பூர்_ஹைட்ராலிக்

மெக்கானிக்கைத் திட்டாதீர்கள். லிவர் ஷாக்கைப் பார்த்தவர்களே இன்று ஊரில் குறைவு. எனக்கும் ஒரு மைனர் உண்டு, காரைத் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக்கிக்குப் போடும் ஆயிலையே ஊற்றி ஓட்டுகிறேன், ஒரு குறையும் இல்லை. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் எம்ஜிபி நண்பர் "எஸ்.ஏ.இ. 20" என்று சொல்லி நிறுத்துவது போதாது. ஃபோர்க் ஆயில் டப்பாவில் இருக்கும் நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒருவர் 15 என்பது இன்னொருவரின் 10 அளவுக்கே இருக்கும். 40 டிகிரி சூட்டில் எத்தனை சென்டிஸ்டோக் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) என்று கேளுங்கள். ஹைட்ராலிக் ஆயிலில் ஐ.எஸ்.ஓ. 32 என்றால் 40 டிகிரியில் 32, குழப்பம் இல்லை. ஜாக்கி ஆயிலும் பெரும்பாலும் அந்த ரகம்தான். காரோடு வந்த பழைய புத்தகத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் 624 என்ற ஷாக் ஆயிலைப் போட்டிருக்கும். அது கிடைக்காவிட்டால் 20டபிள்யூ மினரல் ஆயில், குளிர் பிரதேசத்துக்கு ஆகாது என்றும் போட்டிருக்கும். சென்னையில் குளிரைப் பற்றி என்ன கவலை! நமக்கு வெயிலில் ஆயில் நீர்த்துப்போவதுதான் பிரச்சினை.

ஆயில் ஊற்றும் பிளக்கைத் திறக்கும் முன் சுற்றிலும் மண்ணெண்ணெய் தொட்டு பிரஷ் போட்டுத் துடைக்க வேண்டும். ஒரு மணல் உள்ளே விழுந்தாலும் வால்வு சரியாக மூடாது. விளிம்பு வரை ஊற்றக்கூடாது, சூட்டில் ஆயில் விரிய மேலே கொஞ்சம் காலி இடம் வேண்டும். ஊற்றியதும் ஷாக்கின் கையை (லிவரை) மேலும் கீழும் மெதுவாக, முழு தூரமும் ஆட்டுங்கள். காற்றுக் குமிழி வருவது நின்றதும் மறுபடி அளவு பாருங்கள். ஊற்ற ஊற்றக் குறைந்தால் சீல் போயிருக்கிறது, எந்த ஆயிலும் அதைக் காப்பாற்றாது.

ஹெரால்டு_தாம்பரம்

என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரில் குழாய் மாதிரி இருக்கும் டெலஸ்கோப் ஷாக், ஆயில் ஊற்ற வழியே இல்லை. போனால் மாற்ற வேண்டியதுதான். பெரம்பூர் சார், பிரேக் ஆயில் ஊற்றிய ஷாக்கில் மேலே புது ஆயில் ஊற்றினால் போதுமா என்று சொல்லவில்லையே?

பெரம்பூர்_ஹைட்ராலிக்

போதாது. இரண்டும் கலக்காது. கழற்றிக் கவிழ்த்து, புது ஆயிலாலேயே இரண்டு மூன்று முறை அலசி, புது சீல் போட்ட பிறகுதான் நிரப்ப வேண்டும். இன்னொன்று. மைனரின் முன் ஷாக் கைதான் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு ஆர்ம்களில் மேல் ஆர்ம். கீழ் ஆர்முக்கு ஸ்டாண்டு கொடுக்காமல் ஸ்பானரைத் தொடவே கூடாது.

மைனர்_மயிலை

நன்றி சார். இந்த ஞாயிறு கழற்றுகிறேன். எம்ஜிபி நண்பரே, உங்கள் கோபம் புரிகிறது. அந்த மெக்கானிக் விஷயம் தெரிந்ததும் வீட்டுக்கே வந்து, பெயின்டைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் நின்றார், காசையும் திருப்பிக் கொடுத்தார். ஷாக்கின் அடிப்பக்கம் பச்சை இன்னும் பாதி இருக்கிறது. அதைச் சுரண்டாமல், மணல் அடிக்காமல் சீல் மட்டும் மாற்றிக் கொடுப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.