முயலுக்கு மார்பு எக்ஸ்ரே: இரண்டு அளவும் இரண்டு விதமாகச் சொல்கின்றன

கேள்வி:
சின்ன இன முயல், ஐந்து மாதம். மார்பெலும்பின் வால்பக்க முனையில் விரல் நுனி பதிகிற மாதிரி ஒரு குழி. நன்றாகத் தின்கிறது, ஓடுகிறது. மருத்துவர் மல்லாத்தி ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு எக்ஸ்ரே எடுத்து, குழிந்த மார்பு என்றார்.

எவ்வளவு மோசம் என்று நானே அளந்தேன். பத்தாவது மார்பு முள்ளெலும்பு (முதுகெலும்புத் தொடரில் ஒரு துண்டு) இருக்கும் இடத்தில் மார்பின் அகலம் 580 பிக்சல். அதே எலும்பின் அடிப்புறத்திலிருந்து மார்பெலும்புவரை 240. வகுத்தால் 2.4. குழிந்த மார்பு எவ்வளவு மோசம் என்று சொல்லும் பூனைக்கான அட்டவணையில் இந்த விகிதம் 2 முதல் 3 வரை நடுத்தரம். ஆனால் அந்த எலும்பின் உயரத்தை வைத்துக் கணக்கிடும் முள்ளெலும்புக் குறியீடு 11.9 வருகிறது. 9-க்கு மேல் என்றால் லேசானதாம். எதை நம்ப?

பதில் 1:
எந்தப் படத்தில் அளந்தீர்கள்? மருத்துவமனை கொடுத்த கோப்பிலா?

கேட்டவர்:
இல்லை, திரையில் காட்டியபோது செல்போனில் பிடித்துக்கொண்டேன்.

பதில் 1:
அங்கேதான் இடிக்கிறது. அகலம் ஒரு படத்தில், ஆழம் இன்னொரு படத்தில். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தாலே விகிதம் போச்சு. முள்ளெலும்புக் குறியீட்டில் அந்தத் தொல்லை இல்லை: எலும்பின் மேற்புறத்திலிருந்து மார்பெலும்புவரை உள்ள தூரத்தை அதே எலும்பின் உயரத்தால் வகுக்கிறோம். இரண்டும் ஒரே படம் என்பதால் பெரிதானாலும் சிறிதானாலும் அடிபட்டுப்போகும். மருத்துவமனையிடம் டைகாம் கோப்பை (எக்ஸ்ரேயின் அசல் டிஜிட்டல் கோப்பு) கேட்டு வாங்கி மில்லிமீட்டரில் அளங்கள்.

பதில் 2:
ஆனால் அந்த எலும்பு மிகச் சின்னது. கோட்டை அரை மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலும் குறியீடு எங்கோ போய்விடும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

படம் நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள். மல்லாந்த படத்தில் மார்பெலும்பு முதுகெலும்பின் மேலேயே விழ வேண்டும். பக்கவாட்டில் இரு பக்க விலா எலும்புகளும் ஒன்றின்மேல் ஒன்று. மூச்சை இழுத்தபோதா விட்டபோதா என்பதைப் பொறுத்தும் ஆழம் மாறும்.

அப்புறம், பத்தாவது எலும்பைப் பின்னாலிருந்து எண்ணாதீர்கள். முயலுக்குப் பெரும்பாலும் 12 ஜோடி விலா, சிலதுக்கு 13. முதல் விலாவிலிருந்தே எண்ணுவது நல்லது.

கேட்டவர்:
கோப்பு கிடைத்தது. அகலம் 52, ஆழம் 33, எலும்பின் உயரம் 3 மி.மீ. விகிதம் 1.6-க்குக் கொஞ்சம் கீழே, குறியீடு 12. இப்போது இரண்டும் ஒரே பக்கம் நிற்கின்றன! பூனையின் இயல்பு அளவு: விகிதம் 0.7 முதல் 1.3, குறியீடு 12.6 முதல் 18.8. அப்படியென்றால் லேசானதுதானே?

பதில் 2:
பூனையாக இருந்தால் அப்படிச் சொல்லலாம். முயலின் மார்புக்கூடு வேறு வாகு, அந்த எண்ணை அப்படியே ஒட்டவைக்க மாட்டேன். கூடப் பிறந்த குட்டியின் படம் ஏதாவது இருந்தால் அதோடு ஒப்பிடுவது மேல். வளர்ந்த பிறகு இதே நிலையில் மறுபடி எடுத்தால் குழி ஆழமாகிறதா என்று தெரியும்.

ஒன்று மட்டும்: அதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தால் மல்லாத்திப் படம் எடுக்க வேண்டாம், குப்புற வைத்தே எடுக்கச் சொல்லுங்கள். முயல் மூக்கால் மூச்சு விடுகிற ஜீவன்; வாயைத் திறந்து மூச்சு விட்டால் அளவெல்லாம் அப்புறம், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கேட்டவர்:
சரி. கூடப் பிறந்தது ஒன்று இங்கேயே இருக்கிறது, அதன் மார்பைத் தடவிப் பார்த்தேன். குழியே இல்லை.