வெளிநாட்டில் பழகிய உணவுப் பொருட்களை எங்கே தேடுவது?

கேள்வி:
வணக்கம். பணி நிமித்தம் குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேறிச் சில மாதங்களாகின்றன. எங்கள் நாட்டவர் அதிகம் இல்லாத சிறு நகரம் என்பதால், எங்கள் ஊர்ப் பொருட்களை விற்கும் கடை எதுவும் இங்கு இல்லை. அரிசியும் பருப்பும் கிடைக்கின்றன. பழகிய காய், கிழங்கு, புளி ஆகியவை கண்ணில் படுவதில்லை. கிடைப்பதைக் கொண்டு சமைத்தாலும், பருப்பு முதற்கொண்டு எதிலும் வீட்டுப் பக்குவம் வருவதில்லை. பிள்ளைகள் தட்டை ஒதுக்கிவைப்பதைப் பார்க்கையில் மனம் கனக்கிறது. எங்கே தேடலாம், ஊரிலிருந்து எவற்றைக் கொண்டுவரலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
உங்கள் நாட்டுக் கடையைத் தேடுவதைவிட, வெப்ப நிலங்களிலிருந்து வந்து குடியேறிய பிற நாட்டவரின் கடைகளைத் தேடுங்கள். தென் அமெரிக்காவில் தோன்றிய மரவள்ளி இன்று ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானோரின் அன்றாட உணவு. ஆப்பிரிக்காவில் தோன்றிய புளியோ மெக்சிகோவிலும் தாய்லாந்திலும் இயல்பாகப் புழங்குகிறது. வெண்டைக்காயை மேற்கு ஆப்பிரிக்கர், துருக்கியர், அரேபியர் ஆகிய மூவரின் கடைகளிலும் காணலாம்; கொத்தமல்லித் தழையை வியட்நாமியரும் மெக்சிகோவினரும் விரும்பி வாங்குவதால், அவர்கள் வாழும் பகுதியில் அது வாடாமல் கிடைக்கும். கொண்டைக்கடலைக்கும் எள்ளுக்கும் மேற்காசியக் கடைகளே சிறந்தவை என்பது என் கருத்து. இத்தகைய கடைகளில் உறைபதனப் பெட்டியையும் அவசியம் பாருங்கள்; துருவிய தேங்காயும் தோலுரித்த மரவள்ளியும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். கடைக்காரரிடம் பெயரைச் சொல்லிப் புரியவைக்க முடியாதபோது, கைப்பேசியில் அந்தச் செடியின் படத்தைக் காட்டினால் போதும்.

மறுமொழி 2:
ஊரிலிருந்து கொண்டுவருவதைப் பற்றி: எந்த நாட்டுக்குச் செல்கிறீர்களோ அந்த நாட்டின் விதியைப் பயணத்துக்கு முன்பே படித்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், வெளியே உள்ள பெரும்பாலான நாடுகளிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியையும் பாற்பொருட்களையும் கொண்டுவர முடியாது. கோமாரி போன்ற கால்நடை நோய்கள் அவற்றின் வழியே பரவக்கூடும் என்பதே காரணம். பழங்களுக்கும் காய்களுக்கும் தாவர நலச் சான்றிதழ் தேவை; அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்து பழங்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் முதல் விலக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் உணவுப் பொருளை அறிவிக்காமல் கொண்டுவந்தால் அபராதம் மட்டுமன்றி, விசா ரத்தாகும் வாய்ப்பும் இருக்கிறது. ஐயம் எழும் எதையும் மறைக்காமல் அறிவித்துவிடுங்கள். மிஞ்சினால் பொருள்தான் பறிபோகும்.

மறுமொழி 3:
பருப்பின் பக்குவம் மாறுவதற்கு உங்கள் கைமணம் காரணமாக இராது. குழாய் நீரைக் கவனியுங்கள். கடின நீரில் உள்ள கால்சியம், பருப்பின் செல்சுவரில் இருக்கும் பெக்டின் என்னும் பசைப்பொருளோடு பிணைந்து அதைக் குழைய விடுவதில்லை. ஊறவைக்கும் நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்துப் பாருங்கள், அல்லது வடிகட்டி மென்மையாக்கிய நீரில் வேகவையுங்கள். புளிக்கவேண்டிய மாவு குளிரில் அசையாமல் கிடந்தால், அதை மின் அடுப்புப் பெட்டிக்குள் வைத்து விளக்கை மட்டும் எரியவிடுங்கள்; அந்த வெதுவெதுப்பே நுண்ணுயிர்களுக்குப் போதுமானது. பிள்ளைகள் தட்டை ஒதுக்குவதற்குப் பருப்பு சரியாக வேகாததும் காரணமாக இருக்கலாம் என்பதால், முதலில் நீரை மாற்றிச் சமைத்துப் பாருங்கள்.