வெறும் பி.எஸ்சி. வேதியியலா, இண்டஸ்ட்ரியல் கெமிஸ்ட்ரியா?

சாத்தூர்_பொண்ணு:
வணக்கம். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன், பயாலஜி-மேத்ஸ் குரூப். எனக்கு மண்டையில் ஏறுவது கெமிஸ்ட்ரிதான். உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல் கிடைத்திருக்கிறது. இன்னொரு சுயநிதிக் கல்லூரியில் பி.எஸ்சி. இண்டஸ்ட்ரியல் கெமிஸ்ட்ரி. "சும்மா கெமிஸ்ட்ரி படித்தால் டீச்சர் வேலைதான், இதில் சேர்ந்தால் கம்பெனிக்காரனே வந்து கூட்டிப்போவான்" என்று அங்கே சொல்கிறார்கள். அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. படித்து முடித்த கையோடு நான் சம்பாதித்தாக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டணும். எதில் சேரலாம்?

பீக்_பாண்டி:
யோசிக்கவே வேண்டாம், இண்டஸ்ட்ரியலில் சேரும்மா. நான் மருந்துக் கம்பெனி க்யூசியில் (தரப் பரிசோதனைப் பிரிவு) இருக்கிறேன், புதுப் பிள்ளைகளை இண்டர்வியூ எடுப்பதும் என் வேலைதான். வேதியியல் படித்து வருகிறவர்கள் மூன்று வருடமும் பியூரெட்டைத் திருகிவிட்டு வருகிறார்கள். சால்ட் அனாலிசிஸை குரூப் குரூப்பாக ஒப்பிப்பார்கள். ஹெச்பிஎல்சி (கலவையைப் பிரித்து அளக்கும் மெஷின்) முன்னால் நிறுத்தினால் எந்தப் பக்கம் சாம்பிள் போகும் என்று தெரியாது. எங்கள் லேபில் நடப்பது வேறு. பாராசிட்டமால் மாத்திரையைப் பொடித்து, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, 257 நானோமீட்டரில் உறிஞ்சலைப் பார்த்து, மருந்து எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். போட்டதை அப்போதே எழுத வேண்டும். தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும். ஒயிட்னர் பட்டால் ஆடிட்டில் மாட்டினோம். இந்தப் பழக்கமெல்லாம் தொழில் சார்ந்த படிப்பில்தான் வரும்.

ஓய்வு_வாத்தியார்:
பாண்டி சொல்வது கம்பெனிக்கு நல்லது, பிள்ளைக்கு நல்லதா என்பதுதான் கேள்வி. மெஷினை இயக்கச் சில மாதத்தில் பழகிக்கொள்ளலாம். பட்டத்தின் பெயரைப் பிறகு மாற்ற முடியாது. அறிவியல் ஆசிரியர் பணிக்கு டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) அறிவிப்பு வந்தால் 'வேதியியல்' என்றுதான் இருக்கும். அப்ளைடு, இண்டஸ்ட்ரியல், பாலிமர் என்று வேறு பெயரில் பட்டம் வைத்திருப்பவர்கள், அது வேதியியலுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று தேடி அலைய வேண்டும். எல்லாப் படிப்புக்கும் அந்த ஆணை இருக்காது, சிலவற்றை இணையானவை அல்ல என்றே ஆணை போட்டிருக்கிறார்கள். தேர்வில் தேறிச் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பீக்_பாண்டி:
சார், டிஆர்பி வரைக்கும் போக டிகிரிக்கு அப்புறம் பி.எட். இரண்டு வருடம், அதற்கு மேல் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு. படித்த கையோடு சம்பளம் வேண்டும் என்று அந்தப் பொண்ணு முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறது. அதை யாருமே படிக்கவில்லையா? அப்புறம் பட்டத்தின் பெயர், பட்டத்தின் பெயர் என்கிறீர்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பரோடாவில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர், பிஎச்.டி.யும் இயற்பியல். 2009இல் வேதியியலுக்குத்தானே நோபல் கொடுத்தார்கள்?

ஓய்வு_வாத்தியார்:
வெங்கி டிஆர்பிக்கு விண்ணப்பம் போடவில்லை.

மணலிக்காரன்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். தங்கச்சி, அரசுப் பள்ளி என்கிறாய், மேத்ஸும் இருக்கிறது. 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் கெமிக்கல் இன்ஜினியரிங் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. 2021இலிருந்து இது நடக்கிறது. அதைப் பார்த்தாயா? ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அங்கே கெமிஸ்ட்ரி கொஞ்சம்தான். குழாயில் திரவம் எப்படி ஓடுகிறது, வெப்பம் எப்படிக் கடக்கிறது, ஒரு வடிகலனில் எத்தனை தட்டு வைத்தால் கலவை பிரியும், இதுதான் பாடம். மெக்கேப்-தீலே படம் என்று 1925இல் இரண்டு பேர் கண்டுபிடித்த முறை ஒன்று உண்டு, வரைபடத்தாளில் படிக்கட்டு படிக்கட்டாக வரைந்துகொண்டே போகணும். வினை வழிமுறை பிடிக்கும் என்று வந்தவர்கள் அங்கே முழிப்பார்கள்.

சாத்தூர்_பொண்ணு:
அண்ணா, கவுன்சிலிங்குக்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை. எனக்குப் பிடித்தது ஆர்கானிக்.

மணலிக்காரன்:
அப்படியானால் சரி, நான் கிளம்புகிறேன்.

ஓய்வு_வாத்தியார்:
பாண்டிக்கு ஒரு கேள்வி. ஹெச்பிஎல்சியில் அமீன் தொகுதி உள்ள மருந்தை ஓட்டுகிறீர்கள், வரைபடத்தில் அதன் பீக் கூர்மையாக வராமல் வால் நீட்டிக்கொண்டு வருகிறது. பட்டன் மட்டும் தெரிந்த பிள்ளை வேறு காலம்னை (கலவை பிரியும் சிலிக்கா நிரப்பிய குழாய்) மாட்டிப் பார்க்கும். வேதியியல் தெரிந்த பிள்ளை, சிலிக்காவின் மேல் மிச்சமிருக்கும் சிலனால் தொகுதிகள் அமீனைப் பிடித்து வைக்கின்றன, பிஹெச்சை மூன்றுக்குப் பக்கமாக இறக்கினால் சிலனால் அயனியாகாது, வால் சுருங்கும் என்று யோசிக்கும். உங்களுக்கு இரண்டில் யார் வேண்டும்?

பீக்_பாண்டி:
அருமையாகச் சொன்னீர்கள் சார். இதை எந்தக் கல்லூரி பி.எஸ்சி. வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்? என்னிடம் வருகிறவர்களில் சிலனால் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்களே அபூர்வம். பாடத்திட்டத்தில் இல்லாததை உங்கள் வகுப்பில் நீங்கள் நடத்தியிருப்பீர்கள், அது உங்கள் பெருமை. இன்னொன்று, க்யூசியில் இஷ்டத்துக்குப் பிஹெச்சை மாற்ற முடியாது. மெத்தட் வாலிடேட் ஆனது (சோதித்து உறுதி செய்தது), எழுதியபடிதான் ஓட்டணும். மாற்றி யோசிக்கிற வேலை ஆர் அண்ட் டி-யில்.

ஆர்பிட்டால்_அக்கா:
பாண்டி அண்ணா, அந்த ஆர் அண்ட் டி-க்குள் பி.எஸ்சி.யோடு எத்தனை பேரை விடுகிறார்கள்? நான் பிஎச்.டி. செய்கிறேன், அந்தக் கோணத்தில் சொல்கிறேன். பதினேழு வயதில் ஸ்பெஷலைஸ் செய்யச் சொல்வதே அநியாயம். சென்னைப் பல்கலைக்கழக கிண்டி வளாகத்தில் ஆர்கானிக், இனார்கானிக், பிசிக்கல், அனலிட்டிகல் என்று துறை துறையாகப் பிரித்து வைத்திருப்பது எம்.எஸ்சி.க்கு. அதுவரை எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கணும். இப்போது ஆர்கானிக் பிடிக்கும் என்கிற தங்கச்சிக்கு நாளைக்கு மின்வேதியியல் பிடிக்கலாம். அதற்கென்றே காரைக்குடியில் சிக்ரி ஆய்வகம் இருக்கிறது.

ஐஐடி எம்.எஸ்சி.க்கு ஜாம் என்கிற நுழைவுத் தேர்வு எழுதணும். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். ஆர்கானிக், இனார்கானிக், பிசிக்கல் மூன்றும் வரும். உரத் தொழிற்சாலையின் ஃப்ளோ சார்ட்டை அங்கே யாரும் கேட்பதில்லை.

இந்த விவாதத்தில் யாருமே கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். இரண்டு கல்லூரியிலும் அலைடு பாடம் (துணைப்பாடம்) என்ன? சுலபம் என்று விலங்கியலை எடுத்துவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் ஏராளம். ஜாம் பாடத்திட்டத்தில் பிசிக்கல் பகுதியின் தொடக்கமே தொகையிடல், வகைக்கெழுச் சமன்பாடு, அணி, நிகழ்தகவு. வேதிவினை வேகவியலில் முதல் சமன்பாடே வகைக்கெழுதான், குவாண்டம் பக்கம் போனால் கேட்கவே வேண்டாம். கணிதம் அலைடாக எங்கே இருக்கிறதோ அங்கே சேர். நான் பெயர்ப் பலகையைவிட இதைத்தான் பெரிதாக நினைப்பேன்.

பீக்_பாண்டி:
ஆர்பிட்டால், எல்லாம் சரி. எம்.எஸ்சி. இரண்டு வருடத்துக்கு வீட்டில் யார் பணம் அனுப்புவது? ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 வருகிறது, தெரியும். அது எம்.எஸ்சி. முடித்து, நெட் தேர்வு எழுதி, அதிலும் தேறினால். அதுவரை தீப்பெட்டி ஆபீஸ் சம்பளம்தான்.

ஓய்வு_வாத்தியார்:
அதற்குத்தான் உதவி பெறும் கல்லூரியைச் சொல்கிறேன். கட்டணமும் குறைவு. அரசுப் பள்ளி மாணவி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வரும், அது எந்தக் கல்லூரிக்குப் போனாலும் வரும். சுயநிதியில் கட்டுகிற மிச்சப் பணத்தை எம்.எஸ்சி.க்கு வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள் பாண்டி. உங்கள் கம்பெனி ஆள் எடுக்கும்போது விளம்பரத்தில் என்ன தகுதி போடுகிறீர்கள்?

பீக்_பாண்டி:
கெமிஸ்ட்ரி, அப்ளைடு கெமிஸ்ட்ரி, இண்டஸ்ட்ரியல் கெமிஸ்ட்ரி, பி.பார்ம். எல்லாவற்றையும் போடுவோம்.

ஓய்வு_வாத்தியார்:
வேதியியல் படித்தவள் உங்களிடமும் வரலாம், டிஆர்பிக்கும் போகலாம் என்று ஆகிறது. இண்டஸ்ட்ரியல் படித்தவள் உங்களிடம் மட்டும்தான் வரலாம்.

பீக்_பாண்டி:
வரலாம் சார். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்த பிறகு யாரைத் தேர்ந்தெடுப்பேன் என்பதுதான் நான் சொன்னது. மெஷினைத் தொட்டவரைத்தான் எடுப்பேன். இதில் நான் இறங்கி வரப்போவதில்லை.

சாத்தூர்_பொண்ணு:
சுயநிதிக் கல்லூரியில் ஹெச்பிஎல்சி இருக்கிறது என்று நோட்டீஸில் படம் போட்டிருக்கிறார்கள். அலைடு என்ன என்று கேட்டேன், சேர்ந்தபிறகு சொல்வோம் என்றார்கள். உதவி பெறும் கல்லூரியில் கணிதம், இயற்பியல்.

ஆர்பிட்டால்_அக்கா:
பதில் உனக்கே தெரிந்துவிட்டதே.

பீக்_பாண்டி:
இரு, அவசரப்படாதே. நாளைக்கு நேரில் போ, ஹெச்பிஎல்சி அறையைத் திறந்து காட்டச் சொல். பக்கத்தில் லாக் புக் இருக்கும், யார் எந்தத் தேதியில் எந்த சாம்பிளை ஓட்டினார்கள் என்று எழுதியிருப்பார்கள். அதில் மாணவர்கள் பெயர் வாராவாரம் இருந்தால் அந்த மெஷின் பிள்ளைகள் கைக்கு வருகிறது, தாராளமாகச் சேர். புத்தகமே இல்லை என்றாலும், கடைசியாக எழுதியது ஆய்வுக்குழு வந்த நாளில் என்றாலும், வாத்தியார் சொல்கிற இடத்தில் பணத்தைக் கட்டு.

ஓய்வு_வாத்தியார்:
லாக் புக்கில் பெயர் இருந்தாலும், அந்தப் படிப்புக்கு இணைத்தன்மை அரசாணை எண் என்ன என்று அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிட்டுப் பணம் கட்டம்மா. வாய்வார்த்தையாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே, நகல் கேள்.